முன் டயர் சொல்வது, பின் டயர் சொல்வது: கேமன், ஆல்பைன், எமிரா

ஸ்டியரிங் நன்றாக இருந்தால் கார் நன்றாக வளையும் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மிட் எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருவது பெரும்பாலும் முன் டயர்களின் சேதி. ஆனால் ஓட்டுநரின் முதுகுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே எஞ்சின் உட்கார்ந்திருக்கும் காரில் அதிகம் கவனிக்க வேண்டியவை பின் டயர்கள். அவற்றின் சேதி இருக்கை வழியாக இடுப்புக்கும் முதுகுக்கும்தான் வந்து சேரும். போர்ஷே 718 கேமன், ஆல்பைன் ஏ110, லோட்டஸ் எமிரா ஆகிய மூன்றையும் இந்த இரண்டு வழிகளையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால்தான் எது யாருக்குப் பொருந்தும் என்று பிடிபடும்.

முதலில் எஞ்சின் நடுவில் இருப்பதால் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு கம்பின் இரு முனைகளிலும் பாரத்தைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். அப்புறம் அதே பாரத்தை நடுவில் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். இரண்டாவது சட்டென்று சுழலும். மிட் எஞ்சின் காரும் அப்படித்தான். ஸ்டியரிங்கைத் திருப்பிய உடனே மூக்கு வளைவுக்குள் போகிறது. முன் சக்கரங்கள் மேல் பாரம் குறைவு என்பதால் அகலம் குறைந்த முன் டயர்களே போதும், ஸ்டியரிங்கும் இலகுவாகிறது. எடையில் பாதிக்கு மேல் பின்னால் இருப்பதால் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பிடி நழுவாமல் பாய்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. முன்பக்கம் லேசாக இருப்பதால், பிரேக்கை முழுதாக விட்டுவிட்டுத் திருப்பினால் முன் டயர் வெளிப்பக்கமாகத் தள்ளும்; அதாவது அண்டர்ஸ்டியர். லேசாகப் பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் போனால்தான் முன் டயருக்குப் பாரம் கிடைத்துத் தரையைக் கவ்வும். மறுபக்கம், வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னால் பாய்ந்து பின் டயர்கள் லேசாகிவிடும். அப்போது பின்பக்கம் சுழல ஆரம்பித்தால், எவ்வளவு சுலபமாக மூக்கு திரும்பியதோ அதே வேகத்தில் வாலும் திரும்பும். திருத்துவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அதனால்தான் பின்பக்கத்தின் சேதி முன்கூட்டியே வர வேண்டும் என்கிறேன்.

சரி, கைக்கு வரும் சேதியிலிருந்து ஆரம்பிப்போம். இதில் எமிராதான் முன்னே நிற்கிறது. அருகில் யாரும் இல்லை. 2021-இல் அறிமுகமானபோது, நேரடிப் போட்டியாளர்கள் எல்லாம் மின் மோட்டார் உதவும் ஸ்டியரிங்குக்குப் போயிருந்த நிலையில், லோட்டஸ் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் ஹைட்ராலிக்கை விடவில்லை. இதன் அருமை புரிய ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வளையும்போது டயரின் பக்கவாட்டுப் பிடி, சக்கரம் திரும்பும் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் விழுகிறது. அந்தச் சின்ன இடைவெளிதான் ஸ்டியரிங்கை நேராக்கப் பார்த்து உங்கள் கையில் கனமாகத் தெரிகிறது. இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாகத் திருப்பும்போது டயரின் தரை தொடும் பகுதியில் பின்பாதி வழுக்கத் தொடங்கும், இடைவெளி சுருங்கும். இதில் அழகு என்னவென்றால், டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே இந்தக் கனம் குறையத் தொடங்கிவிடுகிறது. அதாவது, டயர் கைவிடுவதற்கு முன்னாலேயே ஸ்டியரிங் லேசாகி எச்சரிக்கை தருகிறது. அந்த மாற்றம் மிகச் சிறியது. ஸ்டியரிங் அமைப்பில் உராய்வு கொஞ்சம் கூடினாலும் அது அதற்குள்ளேயே அமுங்கிப் போகும்.

மின் ஸ்டியரிங்கில் சிக்கல் அங்கேதான். மோட்டாருக்கும் அதன் பற்சக்கரங்களுக்கும் சொந்தமாக நிலைமமும் உராய்வும் உண்டு. அதற்கு மேல், குழியில் விழும்போது கை அதிராமல் இருக்க மென்பொருள் சில அதிர்வுகளை வேண்டுமென்றே வடிகட்டுகிறது. ஹைட்ராலிக்கில் எண்ணெய் அழுத்தம் பாரத்தைக் குறைக்கிறதே தவிர, தரையின் நுண்ணிய அசைவுகளை அந்த அளவுக்கு விழுங்குவதில்லை. தயாரிப்பாளர்கள் மின் ஸ்டியரிங்குக்கு மாறியதற்கு எரிபொருள் மிச்சம், லேன் மாறாமல் காக்கும் வசதி, தானாக பார்க்கிங் செய்யும் வசதி என்று நியாயமான காரணங்கள் இருக்கின்றன. இழப்பு கைக்குத்தான்.

எமிராவில் ஒரு நீண்ட வலது வளைவை எடுத்துக்கொள்ளுங்கள்; நடுவில் ஓர் ஈரத் திட்டு. முன் இடது டயர் அதன்மேல் ஏறும் கணத்தில் ஸ்டியரிங்கின் கனம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் விட்டுப்போய்த் திரும்ப வரும். காரின் பாதை இம்மியும் மாறியிருக்காது, ஆனால் கைக்குத் தெரிந்துவிடும். சாலை சரிவாக இருக்கிறதா, தார் சொரசொரப்பா வழவழப்பா என்பதெல்லாம் விரல்நுனிக்கு வந்துகொண்டே இருக்கும். சாதாரண வேகத்தில் போகும்போதுகூட இது கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். வரம்பைத் தொட்டால்தான் பேசும் ஸ்டியரிங் பொதுச்சாலைக்கு உதவாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிட வேண்டும்: உதவியே இல்லாத ஸ்டியரிங்தான் எப்போதும் சிறந்தது என்பது. 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் சுமார் 725 கிலோதான். முன் டயர் அகலம் 185 மி.மீ. ஹைட்ராலிக்கும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. இன்றைக்கும் ஸ்டியரிங்குக்கு அளவுகோல் அதுதான். ஆனால் ஆல்ஃபா ரோமியோ 4சி-யிலும் உதவி கிடையாது. கார்பன் ஃபைபர் அடிக்கூடு, எடையும் குறைவு. அப்படியிருந்தும் சாலையின் ஒவ்வொரு தடத்தையும் பின்தொடர்ந்து மூக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் அதை ஓட்டியவர்களின் தீராத குறை. கை நிறைய அசைவு வருகிறது, அதில் பாதி தேவையற்ற இரைச்சல். சஸ்பென்ஷன் கோணங்கள் சரியாக அமையாவிட்டால் நேரடித் தொடர்பு இருந்தும் பயனில்லை.

கேமனுக்கு வருவோம். 2012-க்கு முந்தைய 987 தலைமுறைக் கேமன் ஹைட்ராலிக். அடுத்து வந்த 981-இல் மின் ஸ்டியரிங் நுழைந்தது. அப்போது எழுந்த புலம்பல் கொஞ்சநஞ்சம் இல்லை. 2016-இல் வந்த 718-இல் ஸ்டியரிங் விகிதத்தைப் பத்து சதவீதம் துரிதமாக்கினார்கள். பழைய 987-இன் முணுமுணுப்பு திரும்பி வரவில்லை என்பது உண்மை. ஆனால் துல்லியத்தில் இந்த மூன்றிலும் கேமனை மிஞ்ச ஆளில்லை. நேர்நிலையிலிருந்து இரண்டு பாகை திருப்பினால் இரண்டு பாகைக்குரிய வளைவு கிடைக்கும்; கூடுதலும் இல்லை, தாமதமும் இல்லை. கனம் கூடும் விதம் ஒரே சீராக இருப்பதால், வேகமான வளைவில் ஒரே ஒரு முறை திருப்பிவிட்டுக் கையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நடுவில் திருத்தம் செய்ய வேண்டிய தேவையே வராது. சேதி குறைவு, நம்பகம் அதிகம்.

ஆல்பைன் ஏ110-இன் ஸ்டியரிங், கையளவில் மட்டும் பார்த்தால், மூன்றிலும் பின்தங்கியது. லேசானது, துரிதமானது, நடுநிலைக்கு அருகே கொஞ்சம் மௌனமானது. கேமனிலிருந்து இறங்கி உடனே இதில் ஏறுபவருக்கு முதல் சில வளைவுகளில் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

அந்த ஏமாற்றம் நிலைக்காது. சேதியின் இரண்டாவது வழியில் ஆல்பைனுக்கு ஈடு இல்லை.

காரணம் அதன் எடை, அப்புறம் சஸ்பென்ஷன். அலுமினிய உடல், சுமார் 1,100 கிலோ; கேமனின் ஜிடிஎஸ் 4.0 வகை அதைவிட ஏறத்தாழ முந்நூறு கிலோ அதிகம், எமிராவின் ஆறு சிலிண்டர் வி6 வகையும் 1,400 கிலோவைத் தாண்டுகிறது. ஏ110-இன் எடையில் 44 சதவீதம் முன்னால், 56 பின்னால். நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கைகள். கேமனில் நான்கிலும் ஸ்ட்ரட் அமைப்பு; மேல் கைக்குப் பதில் ஷாக் அப்சார்பர் தூணே சக்கரத்தைப் பிடிக்கும். ஸ்ட்ரட்டில் கார் சாயும்போது டயரும் சேர்ந்து சாய்ந்து, ஓரத்தில் மட்டும் தரையைத் தொடும் நிலைக்குப் போகப் பார்க்கும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கையும் சாய்வைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரையும் விறைப்பாக்க வேண்டியிருக்கிறது. இரட்டை விஷ்போனில் கார் சாய்ந்தாலும் டயரைத் தரையோடு பொருந்தி நிற்க வைக்க முடியும். அதனால் ஆல்பைன் துணிந்து மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டது.

விளைவாக ஏ110 சாய்கிறது, கண்ணுக்குத் தெரியும்படி சாய்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் சாய்ந்தால் குறை என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதை எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளையும் வேகம் ஆகியவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் அந்தப் பாரம் மாறுவது உங்கள் உடம்புக்குத் தெரியும், அவ்வளவுதான். ஏ110-இல் பிரேக்கைப் பிடித்தால் மூக்கு தாழ்கிறது. திருப்பினால் வெளிப்பக்கப் பின் மூலை அமர்கிறது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தினால் அதே மூலை இன்னும் ஒரு பிடி இறங்குகிறது. பின் டயர் எவ்வளவு சுமக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது இடுப்பில் படிப்படியாகத் தெரிகிறது. காலைக் கொஞ்சம் தளர்த்தினால் வால் அரை அடி வெளியே வந்து அங்கேயே நிற்கும். திரும்ப அழுத்தினால் உள்ளே வந்துவிடும். வழக்கமான ஏ110-இன் முன் டயர் 205, பின் டயர் 235 மி.மீ.தான், பிடியைக் கொட்டி வைக்காமல் அளவாகக் கொடுத்திருப்பதால் இந்த விளையாட்டு நியாயமான வேகத்திலேயே கிடைக்கிறது.

எமிராவின் டயர்கள் 245-உம் 295-உம். பிடி ஏராளம். நானூறு குதிரைத்திறன் வி6-க்கு அது தேவையும்கூட. ஆனால் அதன் வால் பேசத் தொடங்குவதற்கு முன் வேகம் எங்கோ போயிருக்கும். கேமனிலும் நிலைமை இதுவே, கூடவே கியர்கள் நீளம். ஜிடிஎஸ் 4.0-இன் 400 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் எஞ்சின் அருமையானது. ஆனால் இரண்டாவது கியரிலேயே சாலையின் வேக வரம்புகளைத் தாண்டிவிடுவதால், எஞ்சினைக் கொண்டு பின்பக்கத்தை நகர்த்தும் வாய்ப்பு பொதுச்சாலையில் அரிது. பந்தயத் தடத்தில் கணக்கு தலைகீழ். அங்கே கேமனின் விறைப்பு, ஒரு பின் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சோராத பிரேக் எல்லாம் சேர்ந்து சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. ஏ110-இல் அப்படிப்பட்ட இயந்திர டிஃபரன்ஷியல் இல்லை. பிரேக்கைக் கொண்டே சமாளிக்கிறது. இறுக்கமான வளைவிலிருந்து முழு வேகத்தில் வெளியேறும்போது உள்பக்கப் பின் சக்கரம் வீணாகச் சுழல்வதை உணரலாம்.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்வெட் சி8-இன் ஸ்டியரிங் துல்லியமானது, கைக்கு அதிகம் எதுவும் சொல்லாதது. வரம்பில் முன்பக்கம் தள்ளும் பாதுகாப்பான குணம். மெக்லாரன் இன்றும் ஹைட்ராலிக்கை விடவில்லை. அதன் ஆர்ட்டுரா காரின் ஸ்டியரிங் அதற்குச் சாட்சி. விலையிலும் வேகத்திலும் அது வேறு உலகம் என்பதால் இந்த மூன்றோடு ஒரே வரிசையில் வைப்பது நியாயமாகாது.

என்னைக் கேட்டால், வளைவுகள் நிறைந்த சாலையில் ஓட்டுவதற்காகவே ஒரு கார் என்றால் ஏ110-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். எமிராவின் ஸ்டியரிங்கை அதற்கு மாற்ற முடிந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டேன், ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்னும்போது பின் டயரின் சேதியே எனக்குப் பெரிது. மேனுவல் கியர் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஏ110 முதலிலேயே விலகிவிடுகிறது. ஏழு கியர் டபுள் கிளட்ச் மட்டும்தான் அதில். அவர்களில் மாதத்துக்கு ஒருமுறையாவது தடத்துக்குப் போகிறவர்களுக்குக் கேமன், மற்றவர்களுக்கு எமிரா வி6. எமிராவில் டூர், ஸ்போர்ட் என்று இரண்டு சஸ்பென்ஷன் உண்டு. டூரையே எடுங்கள், கரடுமுரடான சாலையில் டயர் தரையை விடாமல் இருந்தால்தான் அந்த ஸ்டியரிங்குக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஏ110-இல் ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி ஸ்டியரிங்கை எடை போடாதீர்கள். அது கனத்தைக் கூட்டும். முன் டயரிலிருந்து வரும் சேதி அதனால் ஒரு துளியும் கூடாது. சாதாரண நிலையிலேயே வைத்து, தெரிந்த ஒரு வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி உள்ளே போய்ப் பாருங்கள். வெளிப்பக்கப் பின் மூலை எப்போது அமர்கிறது என்பதைக் கண்ணை முன்னால் வைத்தபடியே உங்களால் சொல்ல முடிகிறதா என்று மூன்று கார்களிலும் சோதியுங்கள்.