வீட்டுக்கடனை மாற்றித் தருவதாகச் சொன்னவர்களிடம் 1,48,100 ரூபாயை இழந்தேன்: தவணை கட்டுபவர்கள் படிக்கவும்

1,48,100 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு, சொந்த வீடு வாராக்கடன் பட்டியலில் ஏறப் பத்து நாள் இருக்கும்போது விழித்துக்கொண்டவன் எழுதுவது இது. என்னை ஏமாற்றியவர்கள் வங்கியும் அல்லர், நிதி நிறுவனமும் அல்லர். வீட்டுக்கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றித் தருவதாகவும், மற்றக் கடன்களையும் அதிலேயே சேர்த்து ஒரே தவணையாக்கித் தருவதாகவும் விளம்பரம் செய்யும் ஆலோசனை மையம் ஒன்று. புகார் எழுத உதவிய வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால் அதன் பெயரை எழுதவில்லை. நான் எப்படி ஏமாந்தேன், நீங்கள் எப்படித் தப்பலாம் என்று இரண்டையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோவை சிங்காநல்லூரில் 2021 பிப்ரவரியில் வீடு வாங்கினேன். வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றில் 32 லட்சம், இருபது ஆண்டு, 6.9 சதவீத மாறும் வட்டி, மாதத் தவணை 24,618 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியபோது என் வட்டியும் 9.4 ஆனது, தவணை 27,200 ஆயிற்று, கடன் காலம் எனக்கு அறுபது வயதாகும்வரை நீண்டது. அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய தனிநபர் கடன் மூன்று லட்சமும், மாதம் 3.5 சதவீத வட்டியில் ஊறிக்கொண்டிருந்த கடன் அட்டை பாக்கியும் தனி. 2025 ஜூனுக்குள் ரெப்போ 5.5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று செய்தித்தாளில் படித்தேன், ஆனால் என் வட்டி அசையவில்லை. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வேறுபாடு அன்று எனக்குத் தெரியாது. அது தெரிந்த அந்த மையத்து ஆள்தான் வீட்டுக்கு வந்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. முப்பது வயதுக்குள் இருப்பான். செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான், காப்பியை மறுக்கவில்லை. எங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு நோட்டில் இரண்டே வரி எழுதி என் பக்கம் திருப்பினான். "நாலரை வருஷம் கட்டியிருக்கீங்க சார். இன்னும் பாக்கி இருபத்தொன்பதரை லட்சத்துக்கு மேல. மாசம் கட்டுற 27,200-ல அசலுக்குப் போறது நாலாயிரம் கூட இல்லைங்க." நான் அறிக்கையை எடுத்துச் சரிபார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. நான்கரை ஆண்டுகளில் எங்கள் நிறுவனத்துக் கிளையில் ஒருவர் கூட என்னிடம் சொல்லாத கணக்கை, முன்பின் தெரியாத ஒருவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான் என்பதிலேயே நான் விழுந்துவிட்டேன். பொதுத்துறை வங்கி ஒன்றில் 7.5 சதவீதத்துக்கு மாற்றினால் வட்டியில் மட்டும் மாதம் 4,700 ரூபாய் மிச்சம் என்றான். அந்தக் கணக்கும் சரிதான். கணக்கு சரியாக இருந்ததால் ஆளும் சரியாக இருப்பான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே சேவைக் கட்டணம் 50,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 9,000, ஆக 59,000 ரூபாய் அனுப்பினேன். வீட்டுப் பத்திரம் பற்றிய சட்டக் கருத்துக்கும் வீட்டின் மதிப்பீட்டுக்கும் என்று மறுவாரம் 7,500 ரூபாய். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை மூன்றும் கொடுத்தேன். ரசீதில் ஜி.எஸ்.டி. எண்ணையே காணோமே என்று என் மனைவி கேட்டாள். படித்தவர்கள் நடத்தும் இடம், சும்மா இரு என்று அவளை அடக்கினேன். வரி வசூலித்தவன் வரிப்பதிவு எண் இல்லாமல் ரசீது தருகிறான் என்பதை அவள் பார்த்தாள். பம்பு தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகளாக ரசீது சரிபார்க்கும் நான் பார்க்கவில்லை.

அடுத்தது தவணை. கடன் கைமாறும் நேரத்தில் பழைய நிறுவனம் தவணையைப் பிடித்துக்கொண்டால் பாக்கித் தொகை மாறிவிடும், புதிய வங்கியின் காசோலை திரும்பிவிடும், ஆகவே செப்டம்பர் முதல் தவணையை "மாற்றுக் கணக்கு" என்ற அவர்களுடைய கணக்கில் கட்டுங்கள் என்றார்கள். சம்பளம் வந்ததும் மனைவியின் கணக்குக்கு மாற்றிவிட்டு, மூன்று மாதம் 27,200 வீதம் 81,600 ரூபாயை அவர்களுக்குக் கட்டினேன். பாக்கிக்கு அன்றாட வட்டியைக் கணக்கிட்டுத்தான் கடனை அடைக்க வேண்டிய முடிவுத் தொகையைச் சொல்வார்கள், இடையில் தவணை கட்டுவதால் ஒன்றும் கெடாது என்பதை இப்போது என் கடன் கிளையில் சிரித்துக்கொண்டே விளக்குகிறார்கள். நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோதெல்லாம் என்ன செய்வது என்று மையத்தைக் கேட்டேன். வாடிக்கையாளர் கைவிட்டுப் போகிறாரே என்று மிரட்டுவார்கள், எடுக்காதீர்கள் என்றார்கள். நானும் எடுக்கவில்லை.

அக்டோபரில் கேட்டபோது சட்டக் கருத்து வரவில்லை என்றார்கள். தீபாவளி முடிந்து கேட்டபோது கடன் அனுமதியாகிவிட்டது, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண ஒப்படைப்புப் பதிவுக்கு நாள் கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு மேலாளர் சென்னைக்குப் போயிருந்தார். நவம்பரில் அந்தப் பையன் வேலையைவிட்டு நின்றிருந்தான்.

நவம்பர் 24 அன்று கடன் நிறுவனத்திலிருந்து இருவர் வந்து, தெருவே பார்க்க வாசலில் நின்று மூன்று தவணை பாக்கி என்றார்கள். தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன். அதன்பின், அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002 ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ். அன்று எண்பதாவது நாள். மையம் சொன்ன வங்கிக் கிளைக்கு ஓடினேன். என் பெயரில் விண்ணப்பமே வரவில்லை. என் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். எந்த வங்கியும் என்னைப் பற்றி விசாரித்த பதிவே அதில் இல்லை. மாறாக மூன்று தாமதங்கள் ஏறியிருந்தன.

மையத்தின் மேசையில் இருந்த பெண்மணி ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: ஆலோசனைக் கட்டணம் எந்நிலையிலும் திருப்பித் தரப்பட மாட்டாது. தவணைப் பணம் எங்கே என்றேன். "அது சர்வீஸ்ல அட்ஜஸ்ட் ஆயிடுச்சுங்க சார்" என்றார். என் மூன்று மாதத் தவணை 81,600 ரூபாய், எந்தச் சேவையில்? மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. ஆக மொத்தம் 1,48,100 ரூபாய். நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய தவணைகளை, அபராதத்தோடும் காசோலை திரும்பிய கட்டணத்தோடும், மனைவியின் இரண்டு பவுன் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். ஏற்கெனவே இருந்த மூன்று கடனோடு இப்போது நகைக்கடனும் சேர்ந்துவிட்டது.

இதில் என்னைத் தூங்கவிடாதது வேறு. பணம் கட்டப் போன அன்று, நான் கேட்டிருந்தால் சில ஆயிரம் ரூபாய் மாற்றுக் கட்டணத்தில் என் வட்டியை அங்கேயே குறைத்திருப்பார்கள் என்று தெரிந்தது. இப்போது கேட்டால், தாமதப் பதிவு இருப்பதால் சில மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வாருங்கள் என்கிறார்கள்.

எழுத நினைத்திருந்த ஆலோசனைகளுக்குப் பொறுமை இல்லை. தவணையைக் கடன் கொடுத்தவருக்குத் தவிர வேறு யார் கணக்கிலும் கட்டாதீர்கள். வட்டியைக் குறைக்கச் சொல்லி முதலில் உங்கள் கிளையிலேயே எழுத்தில் கேளுங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, அதனால் மாற விரும்பினாலும் நேராக வங்கிக்கே போகலாம். வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். என்னுடையவற்றுக்குப் பணம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை கடன் வரலாற்று அறிக்கை இலவசம், எடுத்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களைத்தான் விசாரிப்பார். இந்த மாதிரிக் கடை அதில் வராது. பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே இணையவழி மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், என்னைப்போல் மூன்று மாதம் கழித்து அல்ல.

காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு கிடைத்திருக்கிறது. மையம் இன்றும் திறந்திருக்கிறது. வரும் 5 ஆம் தேதித் தவணைக்கான 27,200 ரூபாயைக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.