ராஜியா, லாஸ்ட் கிரவுனா: நேரம் கிடைக்காதவர்கள் எதை எடுக்கலாம்?

புராண உலகம், சுவரில் ஓட்டம், தாவல், அசுரர்களோடு சண்டை. இந்த வகையில் என்ன கேம் வாங்கலாம் என்று சித்தி பையன் கேட்டான். என்னிடம் இருப்பவை இரண்டு. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் உருவாக்கி 2020-ல் வெளிவந்த ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ ஒன்று. யூபிசாஃப்டின் மோன்பெலியே ஸ்டுடியோ 2024 ஜனவரியில் கொண்டுவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன்’ இன்னொன்று. இரண்டையும் பிளேஸ்டேஷன் 4-ல் ஆடி முடித்துவிட்டேன். என் ஓட்டு லாஸ்ட் கிரவுனுக்குத்தான்.

ராஜியிடம் குறை சொல்ல எனக்கு மனசே வராது. ரக்ஷா பந்தன் அன்று அசுரர்கள் தம்பி கோலுவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அக்கா தேடிப் போகிறாள், அவ்வளவுதான் கதை. அதைச் சொல்வது துர்க்கையும் விஷ்ணுவும், நடுநடுவே ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே. கையில் திரிசூலம், பிறகு சாரங்கம் என்ற வில். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த நமக்கு யார் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கதைக் காட்சிகள் தோல்பாவைக் கூத்துப் பாணியில் வருகின்றன, பார்க்க அவ்வளவு அழகு. ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சிக்கல் கேமராவில். கோட்டையும் அரண்மனையும் முழுசாகத் தெரியட்டும் என்று கேமராவை எங்கோ தூரத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அதை நாம் திருப்பவும் முடியாது. எதிரே இருக்கும் மேடை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது பிடிபடாமல் தாவி, விழுந்து, மறுபடி தாவ வேண்டியிருக்கிறது. சண்டையும் போகப் போக ஒரே மாதிரி ஆகிவிடுகிறது.

லாஸ்ட் கிரவுன் பக்கவாட்டில் நகரும் கேம் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. ஆடுவது இளவரசனாக அல்ல. சார்கோன் என்ற இளம் வீரனாக. கடத்தப்பட்ட இளவரசன் கசானைத் தேடி, காலம் தாறுமாறாகிப்போன காஃப் மலைக்குள் நுழைகிறான். சிமுர்க் என்ற தெய்வப் பறவையின் சக்திகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. எனக்குப் பிடித்தது, நம் நிழலை ஓரிடத்தில் விட்டுவிட்டு வேண்டும்போது அங்கேயே திரும்பி வருவது. இதை வைத்து அமைத்திருக்கும் தாவல் புதிர்கள் ராஜியில் இருப்பதைவிடப் பல படி மேலே.

சரி, ஆனால் இது இருபது மணி நேரத்துக்குக் குறையாத கேம். ஓஎம்ஆரில் வேலை பார்த்துவிட்டு டிராஃபிக்கில் நீந்தி வீடு வந்து சேர்பவனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கேம், சின்னதாக ராஜியை எடுத்துக்கொள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நேரம் இல்லாதவனை முடக்குவது கேமின் நீளம் அல்ல, மறதி. பத்து நாள் கழித்துக் கன்ட்ரோலரை எடுத்தால் எங்கே போய்க்கொண்டிருந்தோம், எந்தக் கதவு பூட்டியிருந்தது, அந்த உயரமான மேடைக்கு ஏன் ஏற முடியவில்லை, ஒன்றும் நினைவிருக்காது. பெரிய மேப் உள்ள பல கேம்களை நான் பாதியில் விட்டது இதனால்தான்.

லாஸ்ட் கிரவுனில் இதற்கென்றே ஒரு வசதி செய்திருக்கிறார்கள். போக முடியாத இடம் வந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். கண் முன்னால் இருக்கும் காட்சி அப்படியே படமாகி மேப்பில் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு மேப்பைத் திறந்து படத்தைப் பார்த்தால், ‘ஓ, இதற்கு இரட்டைத் தாவல் (காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை தாவுவது) வேண்டும், இப்போது என்னிடம் இருக்கிறதே’ என்று உடனே புரிந்துவிடும். எத்தனை படம் எடுக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. முடித்த இடத்தின் படங்களை அழித்துக்கொண்டே வந்தால் பிரச்சினை இல்லை. இது போதாது என்றால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று மேப்பிலேயே காட்டும் வழிகாட்டி முறையும் இருக்கிறது. நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம், நானும் மாற்றினேன், வெட்கமில்லை. கடினமான தாவல் பகுதிகளைத் தாண்டிப் போக மாயக் கதவு திறந்துவிடும் ஏற்பாடுகூட உண்டு. ராஜியில் வழி தவறவே வாய்ப்பில்லை, நேர்கோட்டில் போகும். ஆனால் முடித்த பிறகு திரும்பிப் போய்த் தேட அங்கே எதுவும் பெரிதாக இல்லை.

ஒன்று மட்டும் கவனம். லாஸ்ட் கிரவுனில் சேவ் ஆவது பெரும்பாலும் வாக்-வாக் மரங்களின் அடியில். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே கரண்ட் போனால் ஆடியது போச்சு. மே மாதத்தில் ஆடுபவர்கள் மரத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவது நல்லது.

காசுக் கணக்கு: லாஸ்ட் கிரவுன் டிஸ்க்காக வாங்கினேன், அலுத்தால் பர்மா பஜார் பக்கம் தள்ளிவிடலாம். ராஜியை டிஜிட்டலாக வாங்கினேன், அதை யாருக்கும் விற்க முடியாது. விலை அடிக்கடி மாறுவதால், ஆஃபர் வரும்வரை இரண்டுக்குமே காத்திருக்கலாம்.

லாஸ்ட் கிரவுன் 2025-ல் மொபைலுக்கும் வந்தது. நான் அதில் ஆடவில்லை, தொடுதிரையில் அந்தத் தாவல்கள் எப்படி வரும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் நண்பன் வீட்டில் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்த வரையில் வழவழவென்று ஓடியது. சந்தேகம் இருப்பவர்கள் முதலில் அதன் இலவச டெமோவை இறக்கிப் பாருங்கள். வீட்டில் எட்டு, பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டே ஆட வேண்டும் என்றால் மட்டும், யோசிக்காமல் ராஜி.