பாலைவனப் பயணத்துக்கு 12 வோல்ட் ஏர் கம்ப்ரசர்: சில சீசன் உழைத்த பிறகு

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் '150 பிஎஸ்ஐ' என்ற காற்றழுத்த அளவை நம்பி வாங்க வேண்டாம். ஜீப், எஸ்யூவி டயருக்கு 40-ஐத் தாண்டும் வேலை அநேகமாக வராது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எத்தனை நிமிடம் நிறுத்தாமல் ஓடும் என்பதைப் பாருங்கள்.

கணக்கு இதுதான். 265/65 ஆர்17 டயருக்குள் ஏறக்குறைய 65 லிட்டர் இடம். மணலில் புதையாமல் இருக்க 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கியதைத் திரும்ப 34-க்கு ஏற்ற, டயருக்குச் சுமார் 70 லிட்டர் காற்று வேண்டும், நாலுக்கும் 280. நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருக்கும் சின்ன கம்ப்ரசர், எதிர் அழுத்தம் ஏற ஏற அதில் பாதிதான் தரும். ஆக 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். உச்சி வெயிலில் மூன்றாவது டயரிலேயே சூடேறித் தானாக நின்றுவிடும், ஆற அரை மணி நேரம். 70 லிட்டர் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

நேரம் போனால் போகட்டும் என்று விட முடியாது. காற்றடிப்பது சள்ளை பிடித்த வேலையானால் ஓட்டுபவர் சோம்பல்படுவார். 18-லேயே கெட்டித் தடத்தில் 80 கி.மீ. வேகத்தில் போவார். டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிப்பது அப்படித்தான். அதனால் பாதையைத் திட்டமிடும்போதே மணலும் கெட்டித் தடமும் மாறும் இடங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.

மணலில் 18-இல் ஆரம்பிக்கலாம். சக்கரம் புதைந்தால் ஆக்சலரேட்டரை மிதிக்காமல் 15-க்கு இறக்கிப் பாருங்கள். 12-க்குக் கீழே போனால் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். காலை 10 டிகிரி குளிரில் 18 வைத்த டயர், 45 டிகிரிக்குச் சூடானதும் 22 காட்டும். மணல்மேட்டில் காலையில் ஏறிய வண்டி மதியம் திணறினால் முதலில் காற்றைப் பாருங்கள். ஆனால் கெட்டித் தடத்திலேயே தொடர்ந்து ஓடும்போது, சூட்டில் ஏறிய அழுத்தத்தை இறக்கக் கூடாது. இரவில் ஆறியதும் குறைந்துபோய் நிற்கும்.

கம்ப்ரசரிலேயே இருக்கும் மீட்டர், ஓடும்போது ஹோஸில் உள்ள அழுத்தத்தையும் சேர்த்துக் கூட்டித்தான் காட்டும். நிறுத்திவிட்டுப் படியுங்கள். இறக்கவும் ஏற்றவும் ஒரே கேஜ் போதும். இரண்டு இருந்தால் இரண்டும் இரண்டு விதமாகப் பேசும்.

லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10, 15 ஆம்பியர்தான். பெரிய கம்ப்ரசர் 30 ஆம்பியர் வரை இழுக்கும், அதை பேட்டரியிலேயே கிளிப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு இயக்க வேண்டும். மெல்லிய வயரில் நீட்டிப்பு கொடுத்தால் வோல்டேஜ் விழுந்து மோட்டார் முக்கும், அதிலேயே சீக்கிரம் வீணாகும்.

நாள்பட முதலில் போவது மோட்டார் இல்லை, ஹோஸ் முனைதான். கொக்கி போட்டு மாட்டும் முனையில் ரப்பர் வளையம் தேய்ந்து 'உஸ்' என்று கசியும். திருகி மாட்டும் பித்தளை முனை கசியாது, ஆனால் நாலாவது டயரில் கை சுடும், கையுறை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எதிரி மணல். கம்ப்ரசரைத் தரையில் வைத்தால் பொடிமணலை உறிஞ்சி பிஸ்டன் வளையத்தைத் தேய்த்துவிடும். கால்மிதியை விரித்து அதன்மேல் வையுங்கள். ஃபில்டர் பஞ்சை அன்றாடம் தட்டிப் போடுங்கள்.

வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை இறக்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தத் துண்டு காற்றின் வேகத்தில் தெறித்து மணலில் விழுந்தால் கிடைக்காது. நாலு உபரி பின், அதைக் கழற்றும் சாவி, இரண்டு ஃப்யூஸ், ஹோஸ் வளையங்கள், டியூப்லெஸ் பஞ்சர் கிட் எல்லாம் கம்ப்ரசர் பையிலேயே இருக்கட்டும். டயரின் தரைபடும் பகுதியில் ஆணி ஏறினால் அந்த கிட் போதும். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டு நிற்காது; ஆள் நடமாட்டம் இல்லாத பாதைக்கு இரண்டு ஸ்டெப்னி எடுத்துப்போவது அதற்காகத்தான்.