மூன்று வருடமாக வீட்டில் வார்க்கும் ரப்பர் மீன்கள்

முட்டுக்காட்டில் தூண்டில் போடுபவர்களுக்குப் பேத்தை மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லேசாக ஒரு 'டக்'. சுற்றி எடுத்துப் பார்த்தால், இரைக்குப் பதிலாக முள்ளில் மாட்டிய ரப்பர் மீனின் வால் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் போயிருக்கும். பாக்கெட்டில் இருப்பது ஐந்தோ ஆறோ. ஒரு காலைப்பொழுதில் காலி. கொடுவா மீனுக்கென்று வாங்கியதைப் பேத்தைக்குப் படைத்து வந்த எரிச்சலில்தான் நானே வார்க்க ஆரம்பித்தேன்.

காசு மிச்சமா என்றால், முதல் வருடம் இல்லை. பழைய மைக்ரோவேவ் (சமையலுக்கு வைத்திருப்பதைத் தொடவே கூடாது), அச்சு, அதற்குள் செலுத்தும் இன்ஜெக்டர், வெப்பமானி, ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் என்று போய்க்கொண்டே இருந்தது. இந்த மீன்களை வார்க்கும் திரவமான பிளாஸ்டிசால் ஒரு லிட்டரில் மூன்றரை அங்குல மீன் 150 வரை தேறுகிறது. இரண்டாம் வருடத்தில்தான் கணக்கு நேரானது.

பிளாஸ்டிசால் என்பது இளக்கி எண்ணெயில் (பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்குவது) பி.வி.சி. பிளாஸ்டிக் தூளைக் கலந்த திரவம். தூள் அடியில் படிந்து இறுகிவிடும் என்பதால், ஊற்றுவதற்கு முன் கை வலிக்கக் குலுக்க வேண்டும். பால் போல இருப்பது, சூடு ஏற ஏற மைதாப் பசையாகக் கெட்டிப்படும். கெட்டுப்போய்விட்டது என்று முதல் தடவை அதைக் கொட்டிவிட்டேன்! இன்னும் கொஞ்சம் சூடாக்கிக் கிளறியிருந்தால், தெளிந்து விளக்கெண்ணெய்ப் பதத்துக்கு வந்திருக்கும். 175 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஊற்றிவிட வேண்டும். 200ஐ நெருங்கினால் பழுப்பேறிப் புகையும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு உண்டு. "என்னடா, ஒயர் எரியுதா?" என்று அம்மா கீழிருந்து கேட்ட அன்றைக்கே கடையை மொட்டை மாடிக்கு மாற்றினேன். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது சூடு இல்லை, ஈரம். முதல் அச்சைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நானே செய்தேன். கடையில் வாங்கிய மீனைப் பாதி புதைத்து எடுத்து, வெயிலில் காயவைத்து, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன். மே மாதத்தில் அருமையாக வந்தது. ஐப்பசி மழையில் அதே அச்சில் ஊற்றினேன். உள்ளே ஊறியிருந்த ஈரம் ஆவியாகி, கொதிக்கிற பிளாஸ்டிக் குமிழியிட்டுத் தெறித்தது. கடுகு வெடிப்பது மாதிரிதான், ஆனால் இது தோலில் ஒட்டிக்கொள்ளும். மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம்தான் அலுமினிய அச்சும், முழுக்கைச் சட்டையும், கண்ணாடியும் வந்தன. எடை கூட்டச் சேர்க்கும் உப்பும் அப்படியே. நம்மூர்க் காற்றில் அது நமுத்துப்போயிருக்கும். வாணலியில் வறுத்து ஆறவைத்த பிறகே கலக்கிறேன்.

கடைச்சரக்கில் கிடைக்காத ஒரு வசதி, பதத்தை நாம் தீர்மானிப்பது. இளக்கி கூடுதலாக விட்டால் மெதுவாகச் சுற்றும்போதும் வால் ஆடும். ஆனால் சீக்கிரம் கிழியும். உப்பு அதிகமானால் சட்டென்று மூழ்கும், வால் சோம்பிவிடும். பேத்தை மொய்க்கும் நாளுக்குக் கெட்டிப் பதம் ஒன்று, கொடுவாவுக்கு மெத்தென்று ஒன்று என இரண்டு வைத்திருக்கிறேன். நிறத்தில் ஏகப்பட்டது முயன்று, கடைசியில் மடவைக் குஞ்சு மாதிரி வெள்ளையும் கொஞ்சம் வெள்ளி ஜிகினாவும் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். கலங்கல் தண்ணீருக்கு மட்டும் கறுப்பு.

சேமிப்பதில் ஒரு நஷ்டம். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில், கட்டை மீன் லூர்களோடு (பெயின்ட் அடித்த கெட்டியான போலி மீன்கள்) சேர்த்துப் போட்டு வைத்தேன். இரண்டு வாரத்தில் இளக்கி கசிந்து பெட்டி பிசுபிசுத்து, லூரின் பெயின்ட் உரிந்து வந்தது. இப்போது பாலித்தீன் ஜிப் கவரில், நிறவாரியாக, வால் மடங்காமல் படுக்கவைக்கிறேன். மடங்கிவிட்டால் வெந்நீரில் போட்டு நிமிர்த்தி, குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் சரியாகிவிடும்.

அறுந்த துண்டுகளைத் தண்ணீரில் வீசுவதில்லை, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்கிறது. கழுவி, நன்றாகக் காயவைத்து, மறுபடி உருக்கலாம். மூன்று நான்கு முறை உருக்கினால் வெள்ளை பழுப்பாகிவிடும். கறுப்புச் சாயம் போட்டுக் கலங்கல் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு செப்பிலி மீன் எடுத்தது அப்படி ஒரு மறுசுழற்சி மீனைத்தான். ஏரியில் விராலுக்குப் போடும் ரப்பர் தவளை மட்டும் இன்னும் கடையில்தான் வாங்குகிறேன். உள்ளே வெற்றிடம் விட்டு வார்க்க என் அச்சில் வழியில்லை.