பிரெஞ்சில் ‘இல்லை’ சொல்லி ஒன்பது வருடம்

பாரிஸுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வகுப்பில் படித்த இலக்கணத்தில் நான் அதிகம் பயன்படுத்தியது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ‘ந… பா’. வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு ‘ந’, பின்னால் ஒரு ‘பா’. ‘ஜ ந ஸே பா’ என்றால் எனக்குத் தெரியாது. முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

உணவகச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ‘ந’வைக் காணோம். எல்லோரும் ‘ஜ ந ஸே பா’வைச் சுருக்கி ‘ஷே பா’ என்றார்கள். ‘பா’ ஒன்றே முழு வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. சரி, பழகிக்கொள்ளலாம் என்றால் ‘ப்ளு’ வந்து நின்றது.

ஒருநாள் இரவு, மேசையெல்லாம் நிறைந்திருந்த நேரம். தலைமைச் சமையல்காரர் என்னைப் பார்த்து ‘யா ப்ளு த க்ரெம்’ என்றார். ‘ப்ளு’ என்றால் அதிகம் என்றுதான் படித்திருந்தேன். கிரீம் நிறைய இருக்கிறதாம், நல்லது என்று தலையாட்டிவிட்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து எழுந்த சத்தத்தில்தான் புரிந்தது. கிரீம் தீர்ந்துவிட்டது, கீழே போய் எடுத்து வா என்று அர்த்தம். ‘ந’வோடு ‘இல் நியா ப்ளு’ என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். அது இல்லாதபோது கடைசி ‘ஸ்’தான் துப்பு. அளவைப் பற்றிய பேச்சில் ‘ப்ளுஸ்’ என்று காதில் விழுந்தால் கூடுதல், ‘ப்ளு’ என்று நின்றுவிட்டால் தீர்ந்தது. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு, கொடுமை.

இந்த ‘பா’ பழைய காலத்தில் ‘இல்லை’யே கிடையாது. நடக்கும்போது எடுத்துவைக்கிற அடி என்றுதான் பொருள், இன்றும் அந்தப் பொருள் இருக்கிறது. அழுத்திச் சொல்வதற்காக ‘ஓர் அடிகூட நடக்கவில்லை’ என்று ஒட்டவைத்தார்கள். குடிப்பதற்குச் சொட்டு, சாப்பிடுவதற்கு ரொட்டித்துணுக்கு என்று வேறு சொற்களும் இருந்தன. நாம் ‘ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை’, ‘ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை’ என்கிறோமே, அதேதான். நாளடைவில் அடி மட்டும் நிலைத்து, நடைக்குச் சம்பந்தமில்லாத வினைகளோடும் சேர்ந்துகொண்டது. ‘ந’ இளைத்துப்போய் இப்போது பேச்சில் உதிர்கிறது. இப்படி மறுப்புச்சொல் தேய்வதும், துணைக்கு வந்த சொல் அதன் இடத்தைப் பிடிப்பதும் பல மொழிகளில் நடப்பதை டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இலேயே எழுதியிருக்கிறார். இது தெரிந்தபிறகு ‘ந’வை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

கேள்வியே மறுப்பாக வந்தால் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். ‘சாப்பிடவில்லையா?’ என்று கேட்டார்கள். நம் ‘ஆமாம்’ நினைப்பில் ‘வீ’ என்றேன். ‘வீயா, நோனா?’ என்று திருப்பிக் கேட்டார்கள். சாப்பிடவில்லை என்றால் ‘நோன்’ சொல்ல வேண்டும். சாப்பிட்டிருந்தால் ‘வீ’ போதாது, அதற்கென்றே ‘ஸி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ‘அதெல்லாம் சாப்பிட்டாச்சு’ என்பதை ஒரே எழுத்தில் முடித்துவிடலாம். இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான்.

‘ரியான்’ (எதுவும் இல்லை), ‘பெர்சொன்’ (யாரும் இல்லை) இரண்டையும் எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு வருடம் ஆனது. ‘எதையும் பார்க்கவில்லை’ என்றால் ‘ஜே ரியான் வு’, ‘யாரையும் பார்க்கவில்லை’ என்றால் ‘ஜே வு பெர்சொன்’. ஒன்று வினையின் நடுவில் நுழைகிறது, மற்றது கடைசியில் நிற்கிறது. காரணம் தேடாமல் வாயில் ஏற்றிக்கொண்டேன்.

போன வருடம் வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு கடிதம் வந்தது. ‘அவான் க ல பாய் நெக்ஸ்பிர்’ என்று அதில் இருந்தது. ஒப்பந்தம் முடிவதற்கு முன், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘ந்’ அங்கே இருக்கவே, முடியாததற்கு முன்னா, முடிவதற்கு முன்னா என்று அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மறுநாள் வேலையிடத்தில் பாத்திரம் கழுவுகிற நண்பரிடம் காட்டினேன். அந்த ‘ந’வுக்கு அர்த்தம் இல்லை, எழுத்தில் அழகுக்குப் போடுவது என்றார். வேண்டிய இடத்தில் விழுங்கிவிட்டு வேண்டாத இடத்தில் எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

‘ஷே பா’ என்றார்.