ஜெர்மனியில் முதல் மாதம்: நம் சமையலுக்கு எந்தக் கடை?

ஜெர்மனியில் நம் ஊர்ச் சாமான் கிடைக்கும். எது எந்தக் கடையில் இருக்கிறது என்று தெரியாததால்தான் புதிதாகப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் முதல் மாதம் முழுக்க பிரெட்டும் நூடுல்ஸுமாக ஓட்டுகிறார்கள். "இந்தியன் ஸ்டோர் எங்கே?" என்று தேடி, ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் கடைக்கு இரண்டு ரயில் மாறிப் போய், கொத்தமல்லிக்கும் பச்சை மிளகாய்க்கும் வீட்டு வாடகை மாதிரி காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதே கொத்தமல்லி அவர்கள் தெருமுனைத் துருக்கிக் கடையில் பெரிய கட்டாகக் கிடக்கும்.

ஒரு கடையில் என்ன இருக்கும் என்பதை, அதை நடத்துகிறவர்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்கள் என்பதை வைத்தே பாதி சொல்லிவிடலாம். 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. அப்போது ஆலை வேலைக்கு வரத் தொடங்கிய குடும்பங்கள் இன்று ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் காய்கறிக் கடை வைத்திருக்கின்றன. கிழக்கு ஜெர்மனிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வியட்நாமியர் வந்தார்கள். பெர்லின் லிச்டன்பெர்க்கில் இருக்கும் டோங் சுவான் சந்தை அந்த வரலாற்றின் மிச்சம். 1983-க்குப் பிறகு ஈழத் தமிழர்கள் அகதிகளாக வந்தார்கள். அவர்கள் அதிகம் குடியேறிய இடங்களில் டோர்ட்முண்ட், எஸ்ஸன் பக்கமும் ஒன்று. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஐ.டி. வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்த வரிசையில் கடைசி.

அதனால் முதல் வாரம் நீங்கள் போக வேண்டியது துருக்கிக் கடைக்கு. பச்சைக் காய்கறியில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கொத்தமல்லி, புதினா, கீரை, கத்தரிக்காய், வெண்டைக்காய், மாதுளை எல்லாம் சூப்பர்மார்க்கெட்டை விட மலிவாக, கட்டுக் கட்டாக, கிலோ கணக்கில் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: கொத்தமல்லிக்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக அதுபோலவே பார்ஸ்லி இருக்கும். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து எடுங்கள். பார்ஸ்லி போட்ட ரசம் ரசமே இல்லை. கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, எள், வேர்க்கடலை, சீரகம், மல்லி எல்லாம் அங்கே உண்டு. துவரம்பருப்பும் உளுந்தும் இருக்காது, ஏனென்றால் துருக்கிச் சமையலில் அவற்றுக்கு வேலை இல்லை. மிளகாயும் நம் காரத்துக்கு வராது. நீளமாக, பச்சையாக, பார்க்கப் பயமுறுத்துகிற மாதிரி இருக்கும். கடித்தால் பல சமயம் குடைமிளகாய்தான்.

தயிர்தான் அந்தக் கடையின் பெரிய வரம். கிலோக் கணக்கில் வாளியில் விற்பார்கள். தயிர் சாதத்துக்கு மூன்றரை சதவீதக் கொழுப்பு உள்ளதை எடுங்கள். பத்து சதவீதம் உள்ளது மிகவும் கெட்டி. அய்ரான் என்று சின்னக் கப்பில் இருப்பது உப்புப் போட்ட மோர். அதில் இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்தால் நீர்மோர் தயார். கறிக்கும் அங்கேயே போகலாம். ஜெர்மன் கடைகளில் கோழி என்றால் பெரும்பாலும் எலும்பில்லாத நெஞ்சுக்கறி. துருக்கிக் கறிக்கடைக்காரர் எலும்போடு, நீங்கள் கேட்ட அளவில் வெட்டித் தருவார். ஆனால் வெள்ளாட்டுக்கறி அபூர்வம், செம்மறிதான்.

அப்புறம் தமிழ்க் கடை. உங்கள் ஊரில் ஈழத்தமிழர் கடையும் வட இந்தியர் நடத்தும் கடையும் இரண்டும் இருந்தால், தமிழ்நாட்டுக்காரராக இருந்தாலும் முதலில் தமிழ்க் கடைக்கே போங்கள் என்பேன். வட இந்தியக் கடையின் பலம் கோதுமை மாவு, ராஜ்மா, பாஸ்மதி, பனீர். சப்பாத்தி தினமும் வேண்டும் என்றால் அது சரி. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு, உறைய வைத்த தேங்காய்ப்பூ, புழுங்கலரிசி, இடியப்ப மா, நல்லெண்ணெய் என்று நாம் தேடுகிற வரிசை அப்படியே இருப்பது தமிழ்க் கடையில்தான். விமானத்தில் வரும் பச்சைக் காய்கறி வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் இறங்கும். "மரக்கறி எண்டைக்கு வரும் அண்ணை?" என்று கேட்டுவைத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். மூன்று நாள் கழித்துப் போனால் வாடிய முருங்கைக்காய்க்கும் அதே விலைதான்.

தமிழ்நாட்டுச் சமையல் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே விற்கும் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் நன்றாக வறுத்து அரைத்தது. சாம்பாரில் போட்டால் சாம்பார் வேறு ஏதோ ஆகிவிடும். மீன் குழம்புக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் அதைப் போட்டுப் பாருங்கள், ஊரிலிருந்து மிளகாய்த்தூள் கொண்டு வருவதையே நிறுத்திவிடுவீர்கள். குத்தரிசிச் சோறு, பனங்கட்டி, புட்டு எல்லாம் நம் பக்கத்தில் பலருக்கு இங்கே வந்துதான் பழக்கமாகிறது. அதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

தமிழ்க் கடையின் குறை, அது எல்லா ஊரிலும் இல்லை என்பது. சின்னப் பல்கலைக்கழக ஊர்களில் வியட்நாமியரோ சீனரோ நடத்தும் ஆசியக் கடைதான் கைகொடுக்கும். சுரீரென்ற காரத்துக்குத் தாய்லாந்துச் சின்ன மிளகாய், சாம்பார் வெங்காயத்துக்குப் பதில் அவர்களுடைய சின்னச் சிவப்பு வெங்காயம், புளி, தேங்காய்ப்பால், வாழைப்பூ இவையெல்லாம் அங்கே கிடைக்கும். அரிசி மாவு வாங்கும்போது பொட்டலத்தைப் பாருங்கள்: மூன்று தலை யானை படம் போட்ட தாய்லாந்து மாவில் சிவப்பு எழுத்து சாதாரண அரிசி மாவு, பச்சை எழுத்து பசையரிசி மாவு. பச்சையை வாங்கி இடியாப்பம் பிழிய முடியாது.

ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்டை நம்மவர்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அங்கே புட்டர்ஷ்மால்ட்ஸ் என்று விற்பது உருக்கிய வெண்ணெய், அதாவது நெய். மணம் கொஞ்சம் குறைவு, விலையும் குறைவு. ரோட்டே லின்சென் மைசூர்ப் பருப்பு. துவரை கிடைக்காத வாரத்தில் சாம்பாருக்கு அது போதும், குக்கர்கூட வேண்டாம். உப்புமாவுக்கு ரவை வாங்கினால் 'ஹார்ட்வைட்சென்' என்று போட்டிருப்பதை எடுங்கள், உதிரியாக வரும்; 'வைஷ்வைட்சென்' குழைந்துவிடும், கேசரிக்கு வைத்துக்கொள்ளலாம். 405 என்று எண் போட்ட மாவு கிட்டத்தட்ட நம் மைதா. உறைந்த கோழிகளுக்கு நடுவே சுப்பன்ஹூன் என்று ஒன்று இருக்கும். முட்டையிட்டு முடித்த வயதான கோழி, கறி கெட்டி, வேக நேரமெடுக்கும். மிளகு தட்டிப் போட்டுக் குக்கரில் நிதானமாக விசில் விட்டால், நாட்டுக்கோழி ரசத்துக்கு மிக அருகில் வரும்.

பெட்டியில் கொண்டு வருவது பற்றி வீட்டில் அம்மாக்கள் சொல்வதும் ஐரோப்பியச் சட்டம் சொல்வதும் வேறு. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணப் பெட்டியில் கொண்டு வரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். பச்சைக் காய், பழம், இலை எதற்கும் 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்கு: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன். ஆகவே ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலையை ஊரிலேயே விட்டுவிடுங்கள். அரிசி, பருப்பு சுமக்கவும் வேண்டாம். இங்கே கிடைக்கிற பொருளுக்கு எடையை வீணாக்குவது அது. வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, வற்றல், வடகம், நல்ல பெருங்காயம், பிடித்த கடையின் காபித்தூள், ஒரு பில்டர் இவற்றுக்கு அந்த எடையைக் கொடுங்கள். எந்தக் கடையும் உங்கள் வீட்டுப் பொடியை விற்காது.

குக்கருக்கும் மிக்ஸிக்கும் இடம் ஒதுக்கலாம். இங்கும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் அடாப்டர் ஒன்று போதும். ஆனால் வாடகை வீடு பலதில் அடுப்பே இருக்காது, சமையலறைச் சாமானைக் குடிவருகிறவரே வாங்கிப் போட வேண்டும். அதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பகிர்ந்து வாழும் வீடென்றால் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி எல்லா வீட்டிலும் கட்டாயம்.

இட்லி, தோசைக்கு மாவுப் பாக்கெட்டா, வீட்டில் அரைப்பதா? தனியாள் என்றால் முதல் சில வாரம் தமிழ்க் கடைப் பாக்கெட் போதும். தோசைக்கு அது பரவாயில்லை, இட்லி கொஞ்சம் கல்லாக வரும். குடும்பம் என்றால் அரைப்பதே மேல். குளிர்காலத்தில் மாவை வெளியே வைத்தால் மறுநாளும் அப்படியே இருக்கும். அடுப்பின் ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு அதற்குள் ராத்திரி முழுக்க வையுங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு இருக்கட்டும், பொங்கி வழியும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், திறந்திருப்பது பெரும்பாலும் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான். அதனால் ஞாயிறு காலை தோசை வேண்டுமென்றால் உளுந்தும் அரிசியும் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஊறப்போட்டு மாலையில் அரைத்துவிடுங்கள்.