மேற்குப் பார்த்த தேக்குக் கதவுக்கு எதைப் பூசுவது?

எங்கள் வீட்டுத் தலைவாசல் மேற்குப் பார்த்தது. மதியம் ஒரு மணிக்குக் கதவின் மேல் ஏறும் வெயில் பொழுது சாயும்போதுதான் இறங்கும். வீடு கட்டியபோது அந்தத் தேக்குக் கதவுக்கு மெலமைன் என்ற பளபளப்பான தெளிந்த மரப்பூச்சை அடித்துக் கொடுத்தார்கள். முதல் வருடம் பளபளவென்று இருந்தது. இரண்டாவது கோடையில் கீழ்ச்சட்டம் ஓரத்தில் பூச்சு வெங்காயச் சருகு மாதிரி எழும்பியது. நகத்தால் நெம்பினால் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து வந்தது. அடியில் தேக்கின் பொன்னிறம் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. அதைச் சரிசெய்யக் கிளம்பியபோதுதான் எந்தப் பூச்சு எங்கே நிற்கும் என்று படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தேன். கடைசியில் எண்ணெய்ப் பூச்சுக்கு மாறினேன். ஆகவே எண்ணெய்ப் பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்து எழுதுவேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்டெயின் என்பது நிறம் மட்டும்தான். அது மரத்தைக் காப்பாற்றாது. மேலே வேறொரு பூச்சு வேண்டும். அதில் இரண்டு வகை. சாயம் கரைந்த ஸ்டெயின் மரத்துக்குள் இறங்கி ரேகையை அழகாக எடுத்துக்காட்டும், ஆனால் வெயிலில் வெளுக்கும். நிறமித்தூள் கலந்த ஸ்டெயின் மரத்தின் துளைகளில் போய்த் தங்கும். ரேகை சற்று மங்கினாலும் வெயிலைத் தாங்கும். வெளிக்கதவுக்கு இரண்டாவதுதான்.

வீட்டுக்குள் என்றால் முடிவெடுப்பது சுலபம். பூஜை அலமாரி, பழைய நாற்காலிக்கு ஃபிரெஞ்சு பாலிஷ். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது அது. அந்த ஆழமான மினுமினுப்பு வேறு எதிலும் வராது. சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். மழைநாளில் போட்டால் ஈரம் பட்டுப் பூச்சே வெளுத்துவிடும், வெயில் காலத்தில் போடுங்கள். சாப்பாட்டு மேசைக்குப் பி.யூ., அதாவது பாலியூரிதேன் பூச்சு. உள்கதவுகளுக்கு மெலமைன் போதும், செலவும் குறைவு. அடிக்கும்போது நெடி கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிக்கதவு விஷயமே வேறு. "எத்தனை வருடம் வரும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம், நானும் அப்படித்தான் கேட்டேன். கெட்டுப்போனால் என்ன வேலை இருக்கிறது என்பதல்லவா முதலில் கேட்க வேண்டியது?

மெலமைன், வார்னிஷ், பி.யூ. எல்லாம் மரத்தின் மேல் படலமாக நிற்பவை. படலம் நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத் தாண்டி மரத்துக்குள் போகிறது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னினை அரிக்கிறது. படலம் நன்றாக இருந்தாலும் அது பிடித்துக்கொண்டிருக்கும் மரம் பொடிந்துவிடுகிறது. பிடிமானம் போனதும் மழைநீர் உள்ளே நுழைகிறது, பூச்சு உரிகிறது. உரிந்த இடத்தில் மட்டும் பூசி ஒப்பேற்றவும் முடியாது, திட்டாகத் தெரியும். முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் உண்டு.

அந்தச் சுரண்டலைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். பழைய பூச்சை இளக்கும் ரிமூவர் தடவி, பூச்சு குமிழ் விட்டதும் தகட்டால் வழித்து, 80, 120, 180 என்று சொரசொரப்பு குறையக் குறைய உப்புத்தாள் மாற்றித் தேய்த்து, இரண்டு ஆள் மூன்று நாள் வேலை. கதவில் தாமரைப் பூச் செதுக்கல் உண்டு. இதழ் இடுக்குகளில் தகடு போகவில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்து நானே உட்கார்ந்து எடுத்தேன். கீல் பக்கம் பழைய மெலமைன் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. ஸ்டெயின் அங்கே பிடிக்காமல் வெளிறிய திட்டு இன்றும் தெரிகிறது.

எண்ணெய்க்கு இந்தத் தலைவலி கிடையாது. அது மரத்துக்குள் ஊறிக் காற்றோடு சேர்ந்து இறுகுகிறது, உரிந்து வருவதற்கு மேலே படலம் இல்லை. ஹார்டுவேர் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள், சீக்கிரம் காயும்படி பக்குவப்படுத்திய ஆளிவிதை எண்ணெய் அது. பக்குவப்படுத்தாத ஆளிவிதை எண்ணெய் காயவே நாள் கணக்காகும். பூசுவதற்கு முன் மரத்தை ஒருமுறை தின்னரால் துடைக்க வேண்டும், தேக்குக்குச் சொந்த எண்ணெய்ப் பசை உண்டு. முதல் கை பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து. அடுத்த இரண்டு கை எண்ணெய் மட்டும், ஒரு நாள் இடைவெளி விட்டு. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுப்பு போகாது.

ஒன்றை மறக்கவே கூடாது: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் அலசி, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு வராது. நிறம் வருடா வருடம் கொஞ்சம் கறுக்கிறது. ஐப்பசி மழையில் கதவின் அடிப்பாகத்தில் பூஞ்சை கரும்புள்ளி வைத்தது, துடைத்து எடுத்தேன். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசும் நிலைப்படியில் மஞ்சள் உள்ளே இறங்கிவிடுகிறது. வெயில் பட்டால் அந்தக் கறை தானே வெளுக்கிறது என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

வெயில் தாங்கும் வெளிப்புற பி.யூ.வை நான் என் கதவில் போட்டுப் பார்த்ததில்லை. தங்கை வீட்டில் போட்டு மூன்று வருடம், ஒரு கீறல் இல்லை. ஆனால் அது கிழக்குப் பார்த்த கதவு, போர்டிகோவுக்குள் இருக்கிறது. நிழலான வாசல் உங்களுக்கு அமைந்திருந்தால், என் சாய்வைத் தள்ளிவைத்துவிட்டு பி.யூ.வையே யோசிக்கலாம்.

எங்கள் கதவுக்கு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இந்தத் தைக்கு முன் காலை ஏழு மணிக்கு 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் கால் லிட்டருக்கும் குறைவான எண்ணெய் தடவினேன். வெயில் திரும்புவதற்குள் வேலை முடிந்தது. மறுநாள் வாசல் தெளிக்கும்போது கதவில் தெறித்த நீர் முத்து முத்தாக நின்றது.